சோவியத் யூதர்களும் ஏட்டுச் சுரைக்காயும்

கோதுமை மாவு, தண்ணீர். இந்த இரண்டைத் தவிர வேறொன்றும் அதில் கிடையாது. மாவைப் புளிக்க விடாமல், பிசைந்த கையோடு தட்டி, சூடான அடுப்பில் வாட்டி எடுக்கும் வறட்டு ரொட்டி அது. யூதர்கள் அதை 'மட்சா' என்கிறார்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்த தங்கள் முன்னோர் விடுதலை பெற்று அவசரம் அவசரமாக வெளியேறியபோது, மாவு புளிக்கும் வரை காத்திருக்க நேரமில்லாமல் போயிற்று என்பது அவர்களுடைய வேதக் கதை. அந்த நினைவாக வசந்த காலத்தில் வரும் பஸ்கா பண்டிகை நாட்களில் வேறு ரொட்டியைக் கையால் தொடமாட்டார்கள். மட்சா இல்லையென்றால் பண்டிகை இல்லை.

1962-ம் ஆண்டு, மாஸ்கோ உட்பட சோவியத் யூனியனின் பெரும்பாலான நகரங்களில் சர்க்கார் ரொட்டி ஆலைகள் மட்சா சுட்டுக் கொடுப்பதை நிறுத்தின. தனியார் ரொட்டிக் கடை என்று ஒன்று அந்த நாட்டில் கிடையாது. அடுப்பு சர்க்காருடையது. மாவு சர்க்காருடையது. விற்கிற கடையும் சர்க்காருடையது. பஸ்கா பண்டிகையைத் தடை செய்து எந்தச் சட்டமும் நிறைவேறவில்லை. ரொட்டி சுடவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு, மட்சா சுட்டு விற்ற சிலர் மீது கொள்ளை லாபம் அடித்ததாக மாஸ்கோவில் வழக்குத் தொடரப்பட்டது. வெளிநாடுகளில் கண்டனம் எழுந்த பிறகே இந்தக் கெடுபிடி படிப்படியாகத் தளர்ந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சோவியத் யூதர்களின் மத உரிமையும் கலாசார உரிமையும் அப்படிப்பட்ட சுரைக்காய்தான். சட்டப் புத்தகத்தில் அழகாகக் காய்த்திருந்தது. சமையல்கட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் மதத்தையும் மொழியையும் ஒழிக்க வேண்டுமானால் சட்டத்தில் ஒரு வரியைக்கூட அடிக்க வேண்டியதில்லை என்பதை அவர்களுடைய அனுபவம் எடுத்துக் காட்டுகிறது. சிறுபான்மையினர் உரிமை பற்றிப் பேசும் எந்த நாட்டவரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் சொன்னது என்ன?

ஸ்டாலின் காலத்தில், 1936-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 123-வது பிரிவு, எந்தத் தேசிய இனத்தைச் சேர்ந்தவராயினும் பிரஜைகள் எல்லோரும் சமம் என்றது. இனத் துவேஷம் பரப்புவது தண்டனைக்குரிய குற்றம் என்றும் சொன்னது. 124-வது பிரிவு மத வழிபாட்டுச் சுதந்திரத்தை வழங்கியது. அதே மூச்சில் மத எதிர்ப்புப் பிரசாரச் சுதந்திரத்தையும் வழங்கியது. பிரெஷ்னேவ் காலத்தில் 1977-ல் வந்த புதிய அரசியல் சட்டமும் 52-வது பிரிவில் ஏறக்குறைய இதையே திருப்பிச் சொன்னது. தாய்மொழியைப் பயன்படுத்தும் உரிமை 36-வது பிரிவில் இருந்தது.

மேலோட்டமாகப் படித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. உற்றுப் படித்தால் ஓட்டை தெரியும். ஆஸ்திகருக்குக் கிடைத்தது வழிபாடு மட்டுமே. பிரசாரம் செய்யும் உரிமை நாஸ்திகருக்கு மட்டுமே கிடைத்தது. கடவுள் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தலாம், பத்திரிகை நடத்தலாம், பொதுக்கூட்டம் போடலாம். கடவுள் உண்டு என்கிறவர் ஜெப ஆலயத்தின் நான்கு சுவர்களுக்குள் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்த நான்கு சுவரும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1929 ஏப்ரலில் ருஷ்யக் குடியரசில் வந்த மதச் சங்கங்கள் பற்றிய சட்டப்படி, 20 பேர் கையெழுத்திட்டுப் பதிவு செய்துகொண்டால்தான் வழிபாட்டுக்கு இடம் கிடைக்கும். அந்த 20 பேரின் பெயரும் விலாசமும் சர்க்கார் ஆபீசில் இருக்கும். நிர்வாகக் குழுவில் யாரையாவது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லையென்றால் அவரை நீக்கிவிடலாம். சங்கம் நூலகம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏழைகளுக்கு உதவ நிதி திரட்டக் கூடாது. பிள்ளைகளுக்கென்று கூட்டம் நடத்தக் கூடாது. மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிற எத்தனை பேர் இப்படிப்பட்ட பட்டியலில் கையெழுத்துப் போடுவார்கள்? தடை போடாமலே ஆலயத்துக்கு வருவோரின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி இது. 1950-களின் நடுவில் நாட்டில் சில நூறு ஜெப ஆலயங்கள் இருந்தன. குருஷேவின் மத எதிர்ப்பு இயக்கம் நடந்து முடிந்த 1960-களின் நடுவில் எஞ்சியவை நூறுக்கும் குறைவு.

வாரத்தையே மாற்றினார்கள்

1929-ல் நடந்த இன்னொரு காரியம் ஆபீசிலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு எளிதில் புரியும். உற்பத்தியைப் பெருக்க 'இடைவிடாத வேலை' என்ற திட்டத்தை சர்க்கார் கொண்டுவந்தது. ஏழு நாள் வாரம் போயிற்று. ஐந்து நாள் சுற்று வந்தது. நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. 1931-ல் இது ஆறு நாள் சுற்றாக மாறியது. 1940-ல்தான் ஏழு நாள் வாரம் திரும்பி வந்தது.

யூத மதத்தில் சனிக்கிழமை புனித நாள். அன்று வேலை செய்வது பாவம். பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் சனிக்கிழமை என்பதற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. கிறிஸ்தவர்களின் ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கதிதான். ஓய்வு நாளில் கைவைத்தது யூதர்களை மட்டும் உத்தேசித்து அல்ல என்பது உண்மை. ஆனால் லீவு கேட்டால் வேலை போகும், லீவு கேட்காவிட்டால் மதம் போகும் என்ற நிலையில் நின்றவருக்கு, சட்டத்தின் உத்தேசம் என்னவாக இருந்தால் என்ன?

மறுக்க முடியாத நன்மைகள்

புரட்சியை ஒரேயடியாகப் பழித்துவிட்டுப் போவது நியாயமாகாது. ஜார் மன்னர் ஆட்சியில் யூதர்கள் மேற்கு எல்லைப் பிரதேசத்தில்தான் குடியிருக்கலாம் என்ற விதி இருந்தது. கல்லூரியில் சேர யூதர்களுக்கு உச்சவரம்பு இருந்தது. கும்பல் கும்பலாகப் புகுந்து கொள்ளையும் கொலையும் நடத்துவது அடிக்கடி நிகழ்ந்தது. 1917-ல் ஜார் வீழ்ந்தவுடன் வந்த இடைக்கால அரசு அந்த விதிகளை ரத்து செய்தது. அதற்குப் பின் வந்த போல்ஷ்விக் அரசு யூத துவேஷத்தைக் கண்டித்து 1918 ஜூலையில் ஆணை பிறப்பித்தது. லெனின் இதற்காகவே பேசிய பேச்சு 1919-ல் கிராமபோன் தட்டில் பதிவாயிற்று. அதுவரை கதவடைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் எஞ்சினீயர்களாகவும் டாக்டர்களாகவும் பேராசிரியர்களாகவும் உயர்ந்தார்கள். 1945 ஜனவரி 27-ந் தேதி ஆஷ்விட்ஸ் கொலை முகாமின் வாசலைத் திறந்ததும் செஞ்சேனைதான்.

மொழி விஷயத்திலும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி யிட்டிஷ். ஜெர்மன் மொழியின் உறவு, எழுதுவது ஹீப்ரு லிபியில். சோவியத் அரசு யிட்டிஷில் பள்ளிகள் திறந்தது, நாடகக் கம்பெனிகள் நடத்தியது, பத்திரிகைகளும் புத்தகங்களும் வெளியிட்டது. பைலோருஷ்யக் குடியரசின் அரசாங்க மொழிகள் நான்கில் யிட்டிஷும் ஒன்று. உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள் என்ற வாசகம் 1927 முதல் 1938 வரை அந்தக் குடியரசின் சின்னத்தில் யிட்டிஷிலும் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் வேறு எந்த நாட்டு அரசும் யிட்டிஷுக்கு இத்தனை செய்ததில்லை.

ஆனால் இந்த ஆதரவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. யிட்டிஷ் தொழிலாளியின் மொழி, ஆகவே வளரலாம். ஹீப்ரு வேதத்தின் மொழி, பூஜாரியின் மொழி, ஆகவே வளரக் கூடாது. இந்தத் தீர்ப்பை எழுதியதில் கம்யூனிஸ்ட் கட்சியின் யூதப் பிரிவுக்கே பெரிய பங்கு உண்டு. 1918 முதல் 1930 வரை இயங்கிய அந்தப் பிரிவு ஜெப ஆலயங்களையும் வேத பாடசாலைகளையும் மூடுவதில் முன் நின்றது. மாஸ்கோவில் ஹீப்ருவில் நாடகம் போட்டுப் புகழ்பெற்ற ஹபிமா குழு 1926-ல் வெளிநாட்டுப் பயணம் போனது, திரும்பி வரவில்லை. யிட்டிஷில் கலந்திருந்த ஹீப்ருச் சொற்களின் எழுத்துக் கூட்டலையும் மாற்றினார்கள், பார்த்தால் ஹீப்ரு என்று தெரியாதபடி. மாஸ்கோவில் வந்த யிட்டிஷ் தினசரியின் பெயர் 'எமெஸ்'. உண்மை என்று பொருள்படும் ஹீப்ருச் சொல். அந்த உண்மைகூட வேற்று எழுத்துக் கூட்டலில்தான் அச்சாயிற்று. 1938-ல் அந்தத் தினசரியும் நின்றது. பள்ளிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

சர்க்கார் சொல்வதைச் சொல்கிற வரையில்தான் ஒரு மொழிக்கு இடம் என்றால், அந்த இடம் உரிமையாகாது. அது குத்தகை. குத்தகைக்குக் கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம்.

பெயர்ப் பலகை மிஞ்சிய ஊர்

சைபீரிய ரயில் பாதையில் மாஸ்கோவிலிருந்து 8,000 கிலோமீட்டருக்கு அப்பால், சீன எல்லையை ஒட்டி, பிரோபிட்ஜான் என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. 1928-ல் யூதர்களை அங்கே குடியேற்றத் தொடங்கினார்கள். 1934-ல் அந்தப் பிரதேசம் யூத சுயாட்சிப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்டது. சதுப்பு நிலம், கடுங்குளிர், கொசு. பரம்பரையாகத் தையலும் செருப்புத் தொழிலும் கடை வியாபாரமும் பார்த்தவர்களை அங்கே கொண்டுபோய் விவசாயம் செய்யச் சொன்னார்கள். வந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். போகாமல் இருந்தவர்களின் தலைவர்களையும் எழுத்தாளர்களையும் 1930-களின் களையெடுப்பும் 1940-களின் கடைசியில் நடந்த களையெடுப்பும் விழுங்கின. 1959 கணக்கெடுப்பில் அந்தப் பிரதேசத்து மக்களில் பத்தில் ஒருவர்கூட யூதர் இல்லை. ஸ்டேஷனில் ருஷ்ய எழுத்தோடு யிட்டிஷ் எழுத்திலும் பெயர்ப் பலகை இன்றும் இருக்கிறது. மொழிக்கு ஒரு பெயர்ப் பலகை மட்டும் போதும் என்றால் பிரோபிட்ஜானில் குறையே இல்லை.

ஒரே இரவில் 13 பேர்

இரண்டாவது உலக யுத்தத்தில் ஹிட்லரை எதிர்க்க வெளிநாட்டு யூதர்களின் ஆதரவு தேவைப்பட்டது. அதற்காக 1942-ல் யூத பாசிச எதிர்ப்புக் கமிட்டி ஏற்படுத்தப்பட்டது. மாஸ்கோ யூத நாடக அரங்கின் தலைவரும் சிறந்த நடிகருமான சாலமன் மிகோயெல்ஸ் அதற்குத் தலைவர். அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்று ஆதரவு திரட்டி வந்தார். யுத்தம் முடிந்தது, தேவையும் முடிந்தது. 1948 ஜனவரியில் மின்ஸ்க் நகரில் மிகோயெல்ஸ் இறந்து கிடந்தார். லாரி மோதிய விபத்து என்று சொல்லி, சர்க்கார் மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். ஸ்டாலினின் ரகசியப் போலீசே அவரைக் கொன்றது என்பது பின்னால் வெளிப்பட்டது.

அதே 1948 மே மாதம் இஸ்ரேல் நாடு உதயமானபோது முதலில் அங்கீகரித்த நாடுகளில் சோவியத் யூனியனும் ஒன்று. அந்த நாட்டின் முதல் தூதராக மாஸ்கோ வந்த கோல்டா மேயர், யூதப் புத்தாண்டன்று ஜெப ஆலயத்துக்குப் போனார். ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டுவிட்டார்கள். முப்பது ஆண்டுப் பிரசாரத்துக்குப் பிறகும் இத்தனை பேரா என்று கிரெம்ளின் திடுக்கிட்டது. நவம்பரில் கமிட்டி கலைக்கப்பட்டது. யிட்டிஷ் பதிப்பகம் மூடப்பட்டது. 1949-ல் மாஸ்கோ யூத நாடக அரங்கமும் மூடப்பட்டது. 1952 ஆகஸ்ட் 12-ந் தேதி இரவு கமிட்டியோடு தொடர்புடைய 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரெட்ஸ் மார்கிஷ், டேவிட் பெர்கல்சன், லெய்ப் க்விட்கோ, டேவிட் ஹோப்ஷ்டெயின், இட்ஸிக் பெபர் ஆகிய ஐந்து யிட்டிஷ் எழுத்தாளர்கள் அவர்களில் அடக்கம். க்விட்கோவின் குழந்தைப் பாடல்கள் ருஷ்ய மொழிபெயர்ப்பில் நாடெங்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. இவர்கள் எல்லோரும் புரட்சியை நம்பியவர்கள், சொன்னபடி எழுதியவர்கள். அதுவும் இவர்களைக் காப்பாற்றவில்லை.

1953 ஜனவரியில், தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக டாக்டர்கள் சிலர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பெரும்பாலோர் யூதர்கள். மார்ச் 5-ந் தேதி ஸ்டாலின் இறந்தார். ஒரு மாதத்துக்குள் அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. சுடப்பட்ட 13 பேரும் நிரபராதிகள் என்ற தீர்ப்பு 1955-ல் வந்தது.

ஐந்தாவது கட்டம்

இவ்வளவும் செய்த சர்க்கார், 'நீங்கள் யூதர்கள் என்பதை மறந்துவிட்டு மற்றவர்களோடு கலந்துவிடுங்கள்' என்று சொல்லியிருந்தால் அதில் ஒரு தர்க்கமாவது இருந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், மறக்கவும் விடவில்லை.

1932-ல் உள்நாட்டு பாஸ்போர்ட் முறை வந்தது. அதில் ஒவ்வொருவருடைய தேசிய இனமும் எழுதப்பட்டது. ஆபீஸ்களில் பூர்த்தி செய்யும் படிவத்தில் இது ஐந்தாவது கட்டம். தாயும் தகப்பனும் யூதர்களானால் 16 வயதில் பாஸ்போர்ட் வாங்கும் பிள்ளைக்கும் அதில் 'யூதர்' என்றே எழுதுவார்கள். ருஷ்யன் என்று எழுதுங்கள் என்று கேட்க முடியாது. யிட்டிஷ் தெரியாது, ஹீப்ரு தெரியாது, ஜெப ஆலயப் படி ஏறியதில்லை, பண்டிகை எந்த மாதம் என்றும் தெரியாது என்றாலும் அவன் யூதன். கல்லூரியில் இடம் கேட்கும்போதும், உத்தியோக உயர்வு வரும்போதும் அந்தக் கட்டத்தை ஒரு குமாஸ்தா பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். பைல் மட்டும் நகராது. எழுத்தில் உத்தரவு எதுவும் இருக்காது. அதனால் அப்பீல் செய்யவும் வழியிருக்காது.

யூதனாக வாழ்வதற்கு வேண்டிய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, யூதன் என்ற முத்திரையை மட்டும் கையில் குத்தி அனுப்பினார்கள். 1959 கணக்கெடுப்பில் சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் தங்களை யூதர் என்று சொன்னார்கள். யூத மொழியே தாய்மொழி என்றவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். தாய்மொழிப் பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் வேதனை தெரியும். பாட்டி பேசுவது பேரனுக்குப் புரியாமல் போக இரண்டு தலைமுறை போதும்.

அகராதி உண்டு, வகுப்பு இல்லை

மாஸ்கோ ரேடியோ தமிழில் ஒலிபரப்பிய காலம் ஒன்று உண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு அனுப்பிய நாவல்களையும் பிள்ளைகள் புத்தகங்களையும் மலிவு விலையில் வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள் ஏராளம். மாஸ்கோ, லெனின்கிராட் சர்வகலாசாலைகளில் தமிழ் கற்பிக்கப்பட்டது. தமிழர்கள் அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களே.

ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள மொழிக்கு இவ்வளவு செய்த அதே நகரத்தில், உள்ளூர் யூதப் பிள்ளைகளுக்கு ஹீப்ரு எழுத்து சொல்லித் தர ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. 1963-ல் ஹீப்ரு-ருஷ்ய அகராதி ஒன்று மாஸ்கோவில் வெளிவந்தது. ராஜீய வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் வேண்டிய சிலருக்கு உயர் நிலையங்களில் ஹீப்ரு கற்பித்தார்கள். சாதாரண யூதர் ஒருவர் தம் மகனுக்குக் கற்பிக்க நினைத்தால் அதற்கு வழியில்லை.

யோசிப் பெகுன் என்ற எஞ்சினீயரின் அனுபவம் இதற்கு உதாரணம். 1971-ல் இஸ்ரேல் போக மனுப் போட்டதால் அவர் உத்தியோகம் போயிற்று. ஹீப்ரு ட்யூஷன் எடுத்துப் பிழைத்தார். ட்யூஷன் வருமானத்துக்கு வரி கட்டுகிறேன், தனி ஆசிரியராகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். பிறகு, வேலை செய்யாமல் உட்கார்ந்து தின்கிறவர் என்று குற்றம் சாட்டி 1977-ல் தூரக் கிழக்கிலுள்ள மகடான் பிரதேசத்துக்கு நாடு கடத்தினார்கள். வேலையைப் பறித்தவர்களே வேலையில்லாத குற்றத்துக்குத் தண்டித்தார்கள். 1983-ல் சோவியத் எதிர்ப்புப் பிரசாரம் என்று ஏழு ஆண்டுச் சிறை, அதற்கு மேல் ஐந்து ஆண்டு நாடு கடத்தல். 1987-ல் விடுதலையானார். இன்னொரு ஹீப்ரு ஆசிரியர் யூலி எடல்ஸ்டெயின் 1984-ல் போதைப்பொருள் வைத்திருந்ததாகப் பொய் வழக்கில் சிறைக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் இஸ்ரேல் பார்லிமெண்டின் சபாநாயகராக இருந்தவர் அவர்.

வெளியே போகவும் விடவில்லை

இங்கே வாழ முடியாது, வெளியே போகிறோம் என்றவர்களுக்கு வேறொரு சோதனை. விசா மனுவோடு, வேலை செய்யும் இடத்திலிருந்து நடத்தைச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். சான்றிதழ் கேட்டவுடனே நாட்டை விட்டுப் போகிற செய்தி எல்லோருக்கும் தெரிந்துவிடும். கூட்டம் கூட்டித் துரோகி என்பார்கள். பலருக்கு வேலை போகும். வயது வந்த பிள்ளையும் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் கொண்டுவர வேண்டும். 1972 ஆகஸ்டில், பட்டம் படித்தவர்கள் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு வரி வந்தது. பல ஆண்டுச் சம்பளத்துக்குச் சமமான தொகை அது. வெளிநாட்டு எதிர்ப்பால் 1973-ல் வசூல் நின்றது.

1979-ல் 51,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் வெளியேற அனுமதி பெற்றார்கள். 1986-ல் ஆயிரம் பேர்கூட இல்லை. இந்த ஏற்ற இறக்கம் அமெரிக்காவோடு சோவியத் யூனியனுக்கு இருந்த உறவைப் பொறுத்தது. மனுதாரரின் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மறுக்கப்பட்டவர்கள் வேலையுமின்றி விசாவுமின்றிப் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று காத்துக் கிடந்தார்கள்.

அவர்களில் ஒருவர் அனடோலி ஷரான்ஸ்கி. உளவாளி என்று குற்றம் சாட்டி 1978-ல் 13 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். 1986 பிப்ரவரி 11-ந் தேதி கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். மாஸ்கோவிலிருந்து விமானத்தில் ஏற்றும்போது அவருடைய சிறிய சங்கீதப் புத்தகத்தை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். அது மனைவி கொடுத்த வேதப் பாடல் புத்தகம். புத்தகத்தைக் கொடுக்காவிட்டால் ஏறமாட்டேன் என்று பனித் தரையில் படுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் எழுந்தார். ஒன்பது ஆண்டுச் சிறைக்குப் பிறகு, விடுதலை வாசலில் நின்று ஒரு சிறு புத்தகத்துக்காக அடம் பிடித்தது சிலருக்கு அசட்டுத்தனமாகத் தோன்றலாம். உரிமை என்பது அந்தப் புத்தகம்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா?

கம்யூனிசத்தின் இயல்பே இதுதான் என்று சொல்லிவிடலாமா? அதற்கும் முழு ஆதாரமில்லை. 1877-ல் தொடங்கிய புடாபெஸ்ட் ரபி கல்லூரி ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலம் முழுவதும் நடந்தது. 1983-ல் மாஸ்கோவின் தலைமை ஜெப ஆலயத்தில் ரபியாகப் பொறுப்பேற்ற அடோல்ப் ஷயேவிச் படித்ததே அங்குதான். ருமேனியாவில் தலைமை ரபி மோசஸ் ரோசன் 1948 முதல் 1994-ல் இறக்கும் வரை பதவியில் இருந்தார். அங்கே மத விதிப்படி சமைக்கும் உணவுக்கூடங்களும், யிட்டிஷ் நாடகமும், ஹீப்ருவும் யிட்டிஷும் கலந்து வந்த பத்திரிகையும் இருந்தன. அதற்கு ருமேனிய சர்க்கார் ஒரு விலையும் வாங்கியது. வெளியேறும் யூதர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று இஸ்ரேலிடம் பணம் பெற்றுக்கொண்டது.

இதற்கு எதிர்மாறாகப் போலந்தில் 1968-ல் சியோனிச எதிர்ப்பு என்ற பெயரில் யூதர்களுக்கு விரோதமாகப் பெரிய இயக்கம் நடந்தது. 13,000-க்கும் அதிகமானோர் நாட்டை விட்டுப் போனார்கள். பலர் ரயிலேறியது வார்சாவின் க்டான்ஸ்கா ஸ்டேஷனில். கையில் கொடுத்த பயணப் பத்திரத்தில், இதை வைத்திருப்பவர் போலந்துப் பிரஜை அல்ல என்று எழுதியிருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த மண்ணில், திரும்பி வர முடியாத ஒருவழி டிக்கெட்.

ஒரே சித்தாந்தம், ஒரே காலம். ஓரிடத்தில் கல்லூரி நடந்தது, ஓரிடத்தில் ரொட்டி அடுப்பு அணைந்தது. ஆகவே இது சித்தாந்தத்தின் தலைவிதி என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. புடாபெஸ்டில் முடிந்தது மாஸ்கோவிலும் முடிந்திருக்கும். வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

தோழர்களின் இரண்டு ஆட்சேபங்கள்

'இதெல்லாம் அமெரிக்கா ஊதிப் பெரிதாக்கியது' என்பது முதல் ஆட்சேபம். கெடுபிடிப் போரில் அமெரிக்கா இதை ஆயுதமாக்கிக்கொண்டது உண்மைதான். தன் நாட்டு நீக்ரோ மக்களுக்கு 1965 வரை வாக்குரிமையை ஒழுங்காகக் கொடுக்காத நாடு அது. ஆனால் எதிரி எடுத்துச் சொன்னான் என்பதால் வீட்டில் நடந்த அநியாயம் நியாயமாகிவிடாது. ரொட்டி ஆலையை நிறுத்தியது அமெரிக்கா அல்ல.

'எதிர்த்தது சியோனிசத்தை, யூதர்களை அல்ல' என்பது இரண்டாவது. இஸ்ரேல் அரசின் கொள்கையைக் கண்டிப்பதும், பாலஸ்தீன மக்களுக்காகக் குரல் கொடுப்பதும் அரசியல் நிலைகள். எந்த நாடும் எடுக்கலாம், இந்தியாவும் எடுத்தது. ஆனால் லெனின்கிராடில் பென்ஷன் வாங்கும் ஒரு கிழவர் பண்டிகையன்று மட்சா கேட்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? எங்கோ இருக்கும் அரசாங்கத்தின் செய்கைக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் பொறுப்பாக்குவது துவேஷத்தின் பழைய வழி. அது எந்த மதத்தவர் மீது பாய்ந்தாலும் தவறுதான்.

தாமதமாகத் திறந்த கதவு

கோர்பச்சேவ் காலத்தில் கதவுகள் திறந்தன. 1989 பிப்ரவரியில் மாஸ்கோவில் யூதக் கலாசார மையம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர், கொலையுண்ட மிகோயெல்ஸின் பெயர். 1990 அக்டோபரில் மத சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. 1990-ல் மட்டும் 1,80,000-க்கும் அதிகமான சோவியத் யூதர்கள் இஸ்ரேல் போய்ச் சேர்ந்தார்கள். 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. ருஷ்ய பாஸ்போர்ட்டிலிருந்து தேசிய இனக் கட்டம் நீங்கியது 1997-ல்.

இந்த எழுபது ஆண்டு வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு நாட்டில் சிறுபான்மையினர் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய அரசியல் சட்டத்தைப் புரட்டுவது மட்டும் போதாது. பண்டிகை நாளில் லீவு கிடைக்கிறதா? மொழி சொல்லித் தரும் ஆசிரியருக்குச் சம்பளம் உண்டா? பாடப் புத்தகம் கடையில் இருக்கிறதா? வழிபாட்டு இடத்துக்குப் போனவரின் பெயரை யாராவது எழுதிக்கொள்கிறார்களா? படிவத்தில் ஒரு கட்டத்தைப் பார்த்தவுடன் குமாஸ்தாவின் முகம் மாறுகிறதா? கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். விடை சட்ட நிபுணரிடம் இருக்காது. கடைக்காரரிடமும், பள்ளிக்கூட வாத்தியாரிடமும், ஆபீஸ் கவுண்ட்டரிலும் இருக்கும்.

கவுண்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சோவியத் யூனியனில் ஐந்தாவது கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பைலை ஓரமாக வைத்தவர் ஸ்டாலின் அல்ல. மாதச் சம்பளம் வாங்கிய, பிள்ளைகுட்டிக்காரரான, சாதாரணமான ஒரு குமாஸ்தா. அந்தப் பைலை அவர் நகர்த்தியிருந்தால், ஒரு குடும்பத்துக்காவது ஏட்டில் இருந்த சுரைக்காய் கறிக்கு வந்திருக்கும்.